வலிக்காத இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பதினோராவது பொட்டலத்திலும் விஷம் இல்லை.

ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தாளை மேடம் மேஜைமேல் போட்ட விதத்தைப் பார்த்தால், கொஞ்சமாவது விஷம் இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்குவது போலிருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. மூன்று வாரமாக நான் பெயிண்டர் வேஷம் போட்டு, ஒரு வீட்டின் மூன்று அறைச் சுவர்களையும் சுரண்டி, தூசியைத் தின்று, கடைசியில் ஒரு சிட்டிகை எலி மருந்துகூடக் கிடைக்கவில்லை என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

“உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்னு எழுதியிருக்கான் மேடம். அதுக்கு ஏதாவது சட்டம் இருக்கான்னு பார்க்கலாமா?” என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கேஸ்களைப் பிடித்துவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தவர். தன் மூக்கு இதுவரை தவறியதில்லை என்பதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு. இந்தக் கேஸில் அந்த மூக்கு சளி பிடித்த மாதிரி ஆகிவிட்டதில் மூன்று வாரமாக என்மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

கேஸ் கேட்பதற்கு எளிதுதான். மலை உடைக்கும் வெடிகள் செய்யும் ஆலை ஒன்றில் கலவைக் கொட்டகையில் வேலை செய்கிறவர் எங்கள் கட்சிக்காரர். நாற்பத்திரண்டு வயது, பீடி சிகரெட் கிடையாது, உடம்பு உருட்டுக்கட்டை. அவருக்கு எட்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் நெஞ்சு வலிக்கிறது. காலையில் லேசாக இறுக்கும், மதியத்துக்குள் யாரோ மார்பில் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். இதய டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ரத்தக் குழாய்களில் ஓர் அடைப்பும் இல்லை. டாக்டரும் தலையைச் சொறிந்துவிட்டு, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினார். மாத்திரை வைத்தால் வலி போகும். அடுத்த ஞாயிறு மறுபடியும் வரும்.

கலவைக்காரர் ஒரு சின்ன டைரியில் ஞாயிறுகளைக் குறித்து வைத்திருந்தார். முப்பத்து நான்கு ஞாயிறுகள். முப்பத்திரண்டில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. குறி இல்லாத இரண்டு ஞாயிறுகளிலும் அவர் மனைவி ஊரில் இல்லை. தங்கைக்குப் பிரசவம் என்று ஒரு முறை, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு முறை, வெள்ளிக்கிழமை கிளம்பிப் போய்த் திங்கட்கிழமை வந்திருந்தார்.

மனைவி வீட்டில் இருந்தால் வலி, இல்லாவிட்டால் வலி இல்லை. இதை அவருடைய அக்காவிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மாளுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. மனைவி எதைக் கொடுத்தாலும், தண்ணீராகவே இருந்தாலும், அவர் கண் எதிரில் முதலில் அவள் ஒரு வாய் குடிக்க வேண்டும், பிறகுதான் அவர் தொடுவார். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும் முன் நான் சுவர் சுரண்டிக்கொண்டே அதைப் பலமுறை பார்த்தேன். அந்தம்மா குடித்துக் காட்டுவார். பார்க்கிற எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

பெயிண்டருக்கும் மதியச் சாப்பாடு அங்கேதான். நான் தினமும் இரண்டாவது முறை கேட்டு வாங்குவேன். முதல் தட்டு எனக்கு, இரண்டாவது தட்டு பொட்டலத்துக்கு.

ஆலையை நாங்கள் முதல் வாரமே கழித்துக் கட்டிவிட்டோம். திங்கள் முதல் சனி வரை மனிதர் அங்கேதான் இருக்கிறார், அங்கே ஒருநாளும் நெஞ்சு வலித்ததில்லை. அதை உறுதி செய்ய என்னை ஆலை வாசலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நிறுத்தினார் மேடம். உள்ளே விடவில்லை. வாசலில் இருந்த எச்சரிக்கைப் பலகையைப் படித்துப் படித்து மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

போன் அடித்தது. கலவைக்காரர்தான். வியாழக்கிழமை வேலை முடிந்ததும் அக்கா அவரை ஆலை வாசலிலிருந்தே தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். பத்து நாள் லீவு. அந்த வீட்டுத் துணிகூட வேண்டாமென்று புதுச் சட்டை வாங்கிக் கொடுத்து, போட்டிருந்த நீல யூனிபாரத்தைப் பையில் கட்டி மனைவிக்கே திருப்பி அனுப்பியிருந்தார். நாளைக் காலை பத்து மணிக்கு அக்காவும் தம்பியும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், கொல்லப் பார்த்தாள் என்று எழுதிக் கொடுக்கப் போகிறார்களாம். எங்கள் அறிக்கை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

மேடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வெள்ளிக்கிழமையே லேசாக இறுக்கியதாம். நேற்று அதிகம். இன்று காலையிலிருந்து நிமிர்ந்து உட்கார முடியவில்லையாம். உள்ளே கிடந்த பழைய விஷம் இறங்குகிறது, அப்படித்தான் இருக்கும் என்று அக்கா தைரியம் சொன்னாராம்.

போனை வைத்துவிட்டு மேடம் என் பக்கம் திரும்பினார்.

“மூணு நாளா அவ கையால ஒரு வாய் தண்ணி குடிக்கல. வலி குறையணுமா, கூடணுமா?”

“குறையணும்.”

“கூடுது. அப்ப நம்ம கணக்கு தலைகீழா இருக்கு. அந்த ரெண்டு ஞாயித்துக்கிழமையில வீட்டுல என்ன நடந்துச்சுன்னு நாம இதுவரைக்கும் அவகிட்ட கேட்கவே இல்ல.”

சந்தேகப்பட்ட ஆளிடமே கேட்பதா என்று நான் முனகினேன். மேடம் கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

*

மனைவி பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே சும்மா உட்கார்ந்திருந்தார். மேடத்தை என் முதலாளி என்று அறிமுகம் செய்தேன், அது பொய்யில்லை. வர்ணம் பார்க்க வந்திருக்கிறார் என்றேன், அது பொய்.

மேடத்துக்கு வீட்டுக்காரிகளைப் பேச வைக்கும் கலை கைவந்தது. உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தார், எண்ணெய்க் கறையைப் பார்த்தார், இந்தக் கட்டில் பக்கத்துச் சுவரில் மட்டும் ஏன் இப்படிப் பிசுக்கு என்று கேட்டார்.

அது அவர் யூனிபாரத்திலிருந்து வருவது என்றார் மனைவி. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வந்து கழற்றிப் போட்டதும் உடனே வெந்நீரில் ஊறவைத்து அடித்துத் துவைத்து, ஆணியில் மாட்டிய தொப்பியைக்கூட விடாமல் அலசிவிடுவாராம். அந்த வாடை வீட்டுக்குள் ஒரு ராத்திரிகூடத் தங்கக் கூடாது. ஆனால் தான் ஊருக்குப் போனால் கதை வேறு.

“நான் இல்லன்னா அவர் அதைக் கழட்டவே மாட்டார். அந்தப் பேன்ட்டோடவே படுத்துத் தூங்கி, மறுநாள் பூரா அதோடவே வீட்டைச் சுத்திக்கிட்டு இருப்பார். ரெண்டு தடவையும் நான் திங்கட்கிழமை வந்து பார்த்தா தலையணை உறையெல்லாம் பிசுக்கு. சண்டையே போட்டேன்.”

மேடம் அசையவில்லை. அவர் அசையாமல் இருந்தால் உள்ளே ஏதோ ஓடுகிறது என்று அர்த்தம்.

பின்கட்டுக்குத் திரும்பி வந்து மேடம் கல்லில் உட்கார்ந்தார். வாளியில் அந்த நீல யூனிபாரம் கிடந்தது. வியாழக்கிழமை அக்கா திருப்பி அனுப்பியது. ஏன் இன்னும் துவைக்கவில்லை என்று மேடம் கேட்டார். மனைவி தரையைப் பார்த்தபடி, மனசு வரவில்லை என்றார். நான் நடிப்புக்குக் குறை வைக்கக் கூடாதென்று அந்த மூட்டையை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு, வாளியை நகர்த்தி, சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு இரண்டும் டொக் டொக்கென்று அடிக்க ஆரம்பித்தது.

“தலை வலிக்குதா?” என்று மனைவி கேட்டார். “அதைத் தொட்டா எனக்கும் அப்படித்தான். சனிக்கிழமை துவைச்சு முடிச்சா மண்டை ரெண்டா பிளக்கும்.”

“உங்க வீட்டுக்காரருக்கு?” என்றார் மேடம்.

அவருக்குத் திங்கட்கிழமை மட்டும் என்றார் மனைவி. திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டு வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பார், செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். அப்புறம் அவரே ஒன்று சேர்த்துச் சொன்னார்.

“டாக்டர் கொடுத்த மாத்திரை போட்டாலும் அதே தலைவலிதான். நெஞ்சு வலி போயிடும், தலைவலி வந்துடும். திங்கட்கிழமை தலைவலி ஞாயித்துக்கிழமையே வந்துடுச்சுன்னு சிரிப்பார். அப்பல்லாம் சிரிப்பார்.”

மேடம் சடாரென்று எழுந்தார்.

“செருப்பைப் போட்டுக்கிட்டு வாம்மா. உன் வீட்டுக்காரரைப் பார்க்கப் போறோம்.”

*

காரில் பின்சீட்டில் உட்கார்ந்த மனைவியிடம் மேடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். நாங்கள் யார், யார் எங்களை வைத்தது, எதற்காக. மேடத்துக்குப் பூசி மெழுகிப் பேச வராது. நான் கண்ணாடியில் பார்த்தேன். அந்தம்மா அழவில்லை. என் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

“தினம் ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினீங்களே, அது?”

  அது பொட்டலத்துக்கு என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நம் சமையலை ஒருத்தனாவது ஆசையாகக் கேட்டுச் சாப்பிடுகிறான் என்று நினைத்திருக்கிறார். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“மாத்திரை பாட்டில் எங்க?” என்று மேடம் கேட்டார்.

என் சட்டைப் பையில். அவள் மாத்திரையை மாற்றி வைத்திருப்பாளோ என்று வியாழக்கிழமை ஆய்வுக்கு எடுத்துப் போயிருந்தேன். நேற்று, சரியான மாத்திரைதான் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டப்பாவுக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருந்தது. இதில் என்ன மருந்து இருக்கிறது படி என்றார் மேடம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மண்டை இடிக்கிற இடியில் கண்ணை இடுக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“நைட்ரோகிளிசரின்.”

வாயிலிருந்து வந்தபிறகுதான் அந்த வார்த்தையை நான் ஏற்கெனவே படித்திருக்கிறேன் என்று உறைத்தது. ஒரு தடவையல்ல, ஐம்பது தடவை. இரண்டு மணி நேரம், வெயிலில், சிவப்புப் பலகையில், மண்டையோடு படத்துக்குக் கீழே.

“மேடம், ஆலை வாசல்ல போட்டிருக்கிறது இதேதான். வெடிக்குள்ள போடுற சரக்கு.”

மேடம் ஸ்டியரிங்கை ஒரு குத்து குத்தினார். மூன்று வார எரிச்சலும் அந்தக் குத்தில் இருந்தது. “எதை உள்ள போட்டாங்கன்னே தேடிக்கிட்டு இருந்தோம். எதை நிறுத்தினாங்கன்னு ஒருத்தருக்கும் தோணல.”

டாக்டரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் அவர் நம்பவில்லை. மேடம் யூனிபாரத்தையும் திங்கட்கிழமைத் தலைவலியையும் சொன்னதும் மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பழைய புத்தகத்தில் படித்ததோடு சரி, நேரில் பார்த்ததில்லை என்றார். வெடி ஆலைகளில் அந்தச் சரக்கு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகுமாம். ஆறு நாளும் அது ரத்தக் குழாயை விரித்தே வைத்திருக்கும். அதற்கே பழகிப்போன குழாய், ஒரு நாள் அது கிடைக்காவிட்டால் சுருங்கி இறுக்கிக்கொள்ளும். மறுநாள் மறுபடி சட்டென்று விரியும்போதுதான் அந்தத் தலைவலி. அதே சரக்கைத்தான் துளியூண்டு எடுத்து நெஞ்சு வலி மாத்திரையாகவும் செய்கிறார்கள்.

“என் சீட்டுல தொழில்னு கேட்ட இடத்துல ‘தனியார் வேலை’ன்னு எழுதியிருக்கு,” என்றார் டாக்டர். குரலில் கோபம் இருந்தது, அது தன்மேலேயே என்று எனக்குப் பட்டது. “நானும் மேல கேட்கல. சரி, அவர் ஆலைக்குப் போயி எத்தனை நாளாச்சு?”

“இன்னிக்கு மூணாவது நாள்,” என்றார் மேடம். “புதுத் துணி, புது வீடு. அந்தச் சரக்கு துளிகூடக் கிடையாது.”

“மாத்திரையாவது கையில இருக்கா?”

நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். வாராவாரம் யூனிபாரத்தை மனைவி துவைத்தார், இந்த வாரம் புதுத் துணியை அக்கா கொடுத்தார். கடைசியாக மிச்சமிருந்த மருந்தையும் ஆதாரம் என்று சொல்லி எடுத்து வந்தது நான். டாக்டர் ஆம்புலன்ஸை நேரே அங்கே அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார். மேடம் மிதித்தார்.

*

அக்கா வீட்டு ஹாலில் கலவைக்காரர் சோபாவில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்து, புதுச் சட்டை வேர்வையில் ஒட்டிக்கிடந்தது. வலது கையால் நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்தார். அக்கா விசிறிக்கொண்டிருந்தார். எங்கள் பின்னால் மனைவி வருவதைப் பார்த்ததும் விசிறியோடு வாசலை மறித்தார்.

அவளை ஏன் அழைத்து வந்தீர்கள் என்று கேட்டார். அந்த வீட்டிலிருந்து ஒரு துரும்புகூட இங்கே வரவில்லை என்றார். அதுதான் பிரச்சினை என்றார் மேடம், அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார்.

நான் பாட்டிலைத் திறந்து மாத்திரையை நீட்டினேன். கலவைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார். வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“அது அவ அலமாரியில இருந்த பாட்டில்.”

மேடம் ஆய்வுக்கூடத்துத் தாள் என்றார், டாக்டர் என்றார், நைட்ரோகிளிசரின் என்றார். மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மாதக்கணக்கில் ஊறின சந்தேகம் ஐந்து நிமிஷத்தில் இறங்குமா? எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒன்று செய்தேன். அதே பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, அவர் பார்க்க என் நாக்குக்கு அடியில் வைத்தேன். சுருக்கென்றது. ஏற்கெனவே இடித்துக்கொண்டிருந்த மண்டைக்குள் யாரோ கல் உடைக்க ஆரம்பித்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“செத்தா மேடம் உங்களுக்குச் சொல்லுவாங்க,” என்றேன். “ஆனா அதுக்குள்ள நீங்க போயிடுவீங்க சார்.”

அவர் வாயைத் திறந்தார். மேடம் மாத்திரையை வைத்தார்.

மூன்று நிமிஷம் ஆனது. பிறகு நெஞ்சைப் பிசைந்துகொண்டிருந்த கை மெல்ல நின்றது, மடியில் விழுந்தது. கலவைக்காரர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அடுத்ததாக நெற்றியைப் பிடித்துக்கொண்டார். திங்கட்கிழமை மாதிரி இருக்கிறது என்றார். அக்கா கையிலிருந்த விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

*

சாயங்காலம் நான்கு மணிக்கு ஆஸ்பத்திரி அறையில் டாக்டர் எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். இனிமேல் அந்தக் கலவைக் கொட்டகைப் பக்கமே போகக் கூடாது. ஆனால் சட்டென்று விட்டாலும் ஆபத்து, சில நாள் இங்கேயே வைத்து, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் பழக்கத்திலிருந்து இறக்க வேண்டும். கொட்டகையில் இன்னும் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று கேட்டார். பதினாலு பேர் என்றார் கலவைக்காரர். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா என்றார் டாக்டர். கலவைக்காரர் யோசித்துவிட்டு, போன வருஷம் ஒருத்தர் ஞாயிற்றுக்கிழமை மதியம் தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார். மேடம் தன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டார், எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது.

அக்கா மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். 

கலவைக்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாக்கு உலர்ந்திருந்தது.

“தண்ணி கொடேன்,” என்றார்.

மனைவி எழுந்து, ஜாடியிலிருந்து டம்ளரில் ஊற்றினார். கட்டிலருகே வந்தார். வந்து நின்று, அவர் முகத்தைப் பார்த்தபடி, முதலில் தான் ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். பிறகு டம்ளரை அவரிடம் நீட்டினார்.

வேண்டுமென்று செய்யவில்லை. பழக்கம். தான் செய்தது அந்தம்மாவுக்கே தெரியவில்லை என்பதை முகத்தைப் பார்த்தே நாங்கள் எல்லாரும் புரிந்துகொண்டோம்.

கலவைக்காரர் டம்ளரை வாங்கவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுபடியும் வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே மனைவி மணியை அழுத்தக் கையை நீட்டினார்.